மெட்ராஸிலிருந்து ஒன்றும் வரவில்லை

786
செஞ்சி
12.1.86

அன்புள்ள அண்ணனுக்கு ஜாஹிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அத்தா, அம்மா, நான் மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி பனியோடு வந்தது, பனியோடு போய்விடும் என்கிறாள். தம்மாமில் குளிர் எப்படி? ஆள் மூலம் கொடுத்தனுப்பிய போர்வை கைக்கு வந்ததா?

நாவலைக் கொடுத்துவிட்டோம். டிசம்பர் கடைசியில் அத்தாவும் நானும் மெட்ராஸ் போனோம். அத்தா கையெழுத்துப் பிரதியை மெத்தை உறைத் துணியில் வைத்துத் தைத்திருந்தார். பதிப்பகத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் அதைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடினார். பிரித்து, முதல் பக்கத்தைப் பார்த்து, "மூணு மாசத்துல எழுதறோம்" என்றார். படியிறங்கும்போது அத்தா கேட்டார்: "இவ்ளோதானா? இதுக்கா ரெண்டு வருஷம்?"

அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. முடியவில்லை. திண்டிவனத்திலிருந்து தபால் பை வரும் நேரத்துக்குத் தபாலாபீஸ் வாசலில் நிற்கிறேன். மூன்று மாதம் என்றவர்கள் இரண்டு வாரத்தில் எழுத மாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் நிற்கிறேன். தபால்காரர் ஆதிமூலம் என்னைக் கண்டதும் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

இந்த வருஷம் நீங்கள் அத்தாவிடம் பேசி வாங்கித் தந்தது. டிசம்பருக்குள் ஒரு புத்தகம் அச்சுக்குப் போகவில்லை என்றால் எழுத்தை மூட்டை கட்டிவிட்டு பி.எட். சேர்கிறேன் என்று நானே ஒப்புக்கொண்டேன். எழுத ஒரு வருஷம். அதைக் காத்திருந்தே தீர்த்துவிடுவேன் போலிருக்கிறது.

உங்கள் துஆவை நாடும்
ஜாஹிதா


தம்மாம்
4.2.86

அன்புத் தங்கைக்கு தாவூத். வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். போர்வை வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பொறாமைப்படுகிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் கம்பெனியில் ஒரு கம்ப்ரஸர் நின்றுபோய்க் கிடக்கிறது. ஜெர்மனியிலிருந்து பார்ட் வரவேண்டும். எப்போது வரும், ஒருவனுக்கும் தெரியாது. அதற்காக ஃபிட்டர்களை ஃபோர்மேன் சும்மா உட்காரவிடுவானா? "பக்கத்து மெஷினைப் பிரி" என்பான். பிரிக்கிறோம். நீயும் பக்கத்து மெஷினைப் பிரி.

ஒரு வேலை தருகிறேன். பீர் முகமது மச்சானைத் தெரியுமே, நம் தெரு. என் பக்கத்துக் கட்டில்தான். அவர் வீட்டில் கமர் ஜஹானுக்கு எழுதப் படிக்க வராது. கடிதம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஆரணி போய்விட்டதாம். கடிதமே வரவில்லை என்று மனுஷன் முகம் செத்துக் கிடக்கிறார். நீ எழுதிக்கொடு. கையாவது ஓடிக்கொண்டிருக்கும்.

அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் ஸலாம்.

தாவூத்


786
செஞ்சி
26.2.86

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

கமர் அக்காவுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். "நல்லாயிருக்கேன்னு எழுது. ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சுன்னு எழுது. மழைல ஊறின பின்பக்கச் செவுரு பேந்துச்சுன்னு எழுது. பெரியவன் ஒழுங்கா படிக்கிறான்னு எழுது." அவ்வளவுதான். புருஷனைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. அவளுக்குள் என்ன இருக்கும்? ஆடும் சுவரும் தானா?

அதனால் நடுவில் நானே சில வரிகள் சேர்த்தேன். ராஜகிரி மலை உச்சியில் தேய்ந்த நிலா. இரவு ஒரு கிணறாக அவளைப் பார்ப்பது. அவளுடைய வெறுமைக்கு ஓர் உருவம். ரொம்ப நாளைக்குப் பிறகு எழுதிய நல்ல வரிகள். அவளுக்குப் படித்துக்காட்டவில்லை.

மெட்ராஸிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஜாஹிதா


தம்மாம்
20.3.86

தங்கை ஜாஹிதாவுக்கு, நான் சுகம். பீர் மச்சான்தான் சுகமில்லாமல் இருந்தார். காரணம் நீ.

கடிதம் வந்த அன்று சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது. என்னை வெளியே கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மச்சான், எங்க வூட்ல அதுக்கு இன்னாமோ ஆயிட்டு இருக்குது."

"இன்னா ஆச்சு?"

"கெணறு பாக்குதாம் அவள. எங்க வூட்ல ஏது மச்சான் கெணறு? தெருக்கோடி பம்புதான். கெணத்தப் பத்தி இன்னாத்துக்கு எழுதுறா? வுழுந்து கிழுந்து வெச்சான்னா?"

எமர்ஜென்ஸி லீவு கேட்க ஆபீஸ் வாசல் வரை போய்விட்டார். நான் ஓடிப்போய்ப் பிடித்து, கிணறு என் தங்கச்சி வெட்டியது என்று சொன்னேன். நம்பவில்லை. நீ எம்.ஏ. படித்தவள் என்றேன். அப்புறம்தான் நம்பினார். அறையில் எல்லோரும் இரண்டு நாள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார். "அப்போ செவுரு பேந்தது நெசமா? அதுவும் படிச்ச பேச்சா?"

நீதான் சொல்லவேண்டும்.

தாவூத்


786
செஞ்சி
12.4.86

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வெயில் ஏறிவிட்டது. மலை பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையில் ஊருக்குத் திருப்பித் தருகிறது. மற்றபடி சுகம்.

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் நான் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு கமர் அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கெணறா? ஏண்டி, எனக்கு நீச்சலே தெரியாதுன்னு அந்த ஆளுக்குத் தெரியுமே. பயந்துடாது?"

மன்னிப்புக் கேட்டேன். "உடு. உக்காரு. நான் சொல்றத எழுது. அழகா எழுதாத."

சுவர் நிஜம். போய்ப் பார்த்தேன். ஓர் ஆள் நுழைகிற அளவு ஓட்டை. அதில் தகரம் சாத்தி, தகரத்துக்கு முட்டாக அம்மிக்கல் வைத்திருக்கிறாள்.

இப்போது சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அப்படி எழுதும்போதுதான் ஒன்றைப் பார்த்தேன். அவள் சொல்கிறாள்: "ராத்திரில தகரம் ஆடுதுன்னு எழுது." எழுதுகிறேன். எழுதியதை எட்டிப் பார்க்கிறாள். "வேணாம், அத அடிச்சுடு. அப்பறம் அங்க தூங்காம கெடக்கும்." அடிக்கிறேன். "கறி விலை ஏறிப்போச்சுன்னு எழுது."

அண்ணே, அடித்த வரியில்தான் எல்லாம் இருக்கிறது. நான் நிலாவைக் கொண்டுவந்து வைத்த இடத்தில் ஒரு தகரம் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

அடித்த வரிகளை எனக்குத் தருவாயா, ஒரு கதை எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டேன். யோசித்தாள். "பேர மாத்திக்கோ. ஆட்ட மாத்தாத. அது நல்ல ஆடு."

வெளிநாட்டில் ஆள் இருக்கிற மற்ற வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். அத்தாவின் மெத்தைக் கடைப் பின்னறையில், இலவம்பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில், பகலில் அவர்களுக்கு எழுதுகிறேன். மற்ற நேரம் எனக்கு. மை காய்வதற்குள் பஞ்சு ஒட்டிக்கொள்கிறது. பக்கங்களுக்கு மீசை முளைத்தது போலிருக்கிறது.

மூன்று மாதம் முடிந்துவிட்டது. ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை. தபாலாபீஸுக்கு வாரம் ஒருமுறைதான் போகிறேன்.

ஜாஹிதா


தம்மாம்
18.5.86

அன்புத் தங்கைக்கு அஸ்ஸலாமு அலைக்கும். எழுதுவது பீர் முகமது. சொல்வது தாவூத்.

நான் நல்லா இருக்கிறேன். நோன்பு நல்லபடியாகப் போகிறது. ஓவர்டைம் இருப்பதால் நேரம் இல்லை, அதனால் மச்சானை எழுதச் சொன்னேன். உடம்பு நன்றாக இருக்கிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது. நீ எழுதுகிற புதுக் கதையை நகல் எடுத்து அனுப்பு. அத்தாவிடம் நான் நல்லா இருக்கிறேன் என்று சொல். வேறு விசேஷம் இல்லை.

தாவூத்


786
செஞ்சி
10.6.86

அண்ணே, அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் முடிந்தது. எல்லோரும் சுகம். நீங்கள் சுகமில்லை.

நோன்பு மாதத்தில் உங்களுக்கு வேலை நேரம் குறைவு. போன வருஷம் நீங்களே எழுதினீர்கள். ஓவர்டைம் எங்கிருந்து வந்தது?

இந்த நான்கு மாதத்தில் எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அடுத்தவர் கையால் எழுதும்போது ஆட்கள் சுகத்தை மட்டும்தான் சொல்வார்கள். அதே சுகத்தைத் திரும்பத் திரும்ப. உங்கள் கடிதத்தில் அடித்த வரி எதுவும் இல்லை. பீர் அண்ணன் புதுத் தாளில் திருப்பி எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

வலது கைக்கு என்ன?

அத்தாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கையெழுத்தைக் காட்டவில்லை. புதுக் கதையின் முதல் மூன்று அத்தியாயங்கள் இதனுடன்.

ஜாஹிதா


தம்மாம்
4.7.86

ஜாஹிதா,

இடது கை. கோணல். பொறுத்துக்கொள்.

ஏப்ரல் கடைசியில் பைப் சரிந்து வலது கைமேல் விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில். உள்ளே கம்பி. விரல் மடங்கினால் வேலை. இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். ஆஸ்பத்திரியில் செப்டம்பரில் சொல்வார்கள். அதுவரை ஸ்டோரில் உட்கார்ந்து இடது கையால் வால்வு பிரிக்கிறேன். நானும் மெட்ராஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரிதான்.

அத்தாவுக்குத் தெரிந்தால் உன் வருஷம் அன்றைக்கே முடிந்துவிடும். அதற்காக மறைத்தேன். நீயும் மறை.

கதை வந்தது. பீர் மச்சான் அறையில் உரக்கப் படித்தார். தகரம் ஆடுகிற இடத்தில் நிறுத்தினார். "இது எங்க வூட்டுச் செவுரு" என்றார். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கேட்டார்: "சரி, அப்புறம் என்னாச்சு? படிங்க பாய்." படித்தார். மறுநாளே பீர் மச்சான் ஆள் வைத்துச் சுவரைக் கட்டச் சொல்லி ஊரிலிருக்கும் தன் மச்சினனுக்குத் தந்தி அடித்தார்.

மீதியை அனுப்பு. வலி நேரத்தில் உதவுகிறது.

தாவூத்


786
செஞ்சி
14.9.86

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கை எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? முதலில் அதை எழுதுங்கள். இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சொன்னபடி வீட்டில் யாருக்கும் தெரியாது.

பக்ரீத் முடிந்த வாரத்தில் புது நாவலை முடித்தேன். சுவர் எழும்பிவிட்டதால் கடைசி அத்தியாயத்தை மாற்றவேண்டி வந்தது.

செப்டம்பர் முதல் வாரம் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. முதல் நாவலை வெளியிட மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள். பொங்கலுக்குள் புத்தகம்.

அம்மா அழுதாள். அத்தா தெருவில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார். நான் உள்ளே போய் கார்பன் பிரதியை எடுத்துப் படித்தேன். ஜனவரிக்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை.

அதில் யாரும் சாப்பிடுவதில்லை, அண்ணே. ஒருவருக்கும் பல்வலி இல்லை. எல்லோரும் ஜன்னலோரம் நின்று தங்களைப் பற்றியே நினைக்கிறார்கள். கிணறு அங்கேயும் பார்க்கிறது, மூன்று இடத்தில். எழுதியவளை எனக்குத் தெரியும். பாவம், நிறையப் படித்த பெண்.

பதில் எழுதினேன். "முதலாவதை நிறுத்திவையுங்கள். இத்துடன் இருப்பதைப் படியுங்கள். என் முதல் புத்தகம் இதுவாக இருக்கவேண்டும். இது பிடிக்காவிட்டால் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்." இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

அத்தாவிடம் அதற்குப் பிறகுதான் சொன்னேன். "பொண்ணு புடிச்சிருக்குதுன்னு சொன்ன மாப்ளைய வாசல்லயே திருப்பி அனுப்புற மாதிரி இருக்குதும்மா" என்றார்.

ஜாஹிதா


தம்மாம்
7.10.86

ஜாஹிதா,

ஆறு மாதம் கழித்து வலது கையால் எழுதுகிறேன். கம்பியை எடுத்துவிட்டார்கள். விரல் மடங்குகிறது. கம்பெனி வைத்துக்கொள்ளும். அல்ஹம்துலில்லாஹ். இந்தக் கையால் எழுதும் முதல் கடிதத்தில் உன்னைத் திட்டவேண்டியிருக்கிறது.

உனக்குப் பைத்தியமா? ஒன்பது மாதம் வாசலில் நின்றாய். வந்தது. வந்ததைத் திருப்பி அனுப்பினாய். முதலில் அது அச்சாகட்டும், அடுத்தது பிறகு என்று சொல்ல உனக்கு வாயில்லையா? அத்தாவிடம் வாக்குக் கொடுத்தது நான். டிசம்பருக்கு எத்தனை நாள் இருக்கிறது? அவர்கள் இன்னொரு ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டால் நீ பி.எட். வகுப்பில் உட்கார்ந்து மெட்ராஸ் தபாலைப் படிப்பாய்.

இதற்கு மேல் எழுதினால் கை வலிக்கும்.

மறுநாள் எழுதுவது: நேற்றுக் கடிதத்தை ஒட்டவில்லை. பீர் மச்சானிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முதல் நாவலிலும் கிணறு இருக்கிறதாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப தங்கச்சி செஞ்சது சரி மச்சான். ஊரெல்லாம் பயந்துடும்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் திட்டியதைத் திட்டியதாகவே வைத்துக்கொள்.

அத்தாவிடம் இனி கை விஷயத்தைச் சொல்லலாம். நானே எழுதுகிறேன்.

தாவூத்


786
செஞ்சி
3.12.86

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் வலது கைக்கு எங்கள் எல்லோருடைய ஸலாமும். அம்மா கை விஷயம் கேட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள், திட்டத்தான். மழை போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்து ஓய்ந்தது. கமர் அக்கா வீட்டுச் சுவர் நிற்கிறது.

திங்கட்கிழமை அமாவாசை. மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடைப் பின்னறையில் கமர் அக்காவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆடு, பையன், மண்ணெண்ணெய் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் முந்தானையில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நீ வந்தா தேவலைன்னு எழுது."

பேனா தாளில் பட்டது. வாசலில் ஆதிமூலம் சைக்கிளை நிறுத்தினார். "மெட்ராஸு!" பஸ் சத்தத்தையும் மீறித் தெருவுக்கே கேட்டது. "ஏம்மா ஜாஹிதா, மெட்ராஸு வந்துட்டான்!"

நான் எழுந்திருக்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "கொஞ்சம் இருங்கண்ணே, ஒரு வரி பாக்கி" என்றேன். அவர் பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வருஷமெல்லாம் கையை விரித்தவர், கவரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதினேன். கமர் அக்காவைப் பார்த்தேன். "அடிச்சுடவா?"

"அடிக்காத. இருக்கட்டும்."

கீழே கைநாட்டு வைத்தாள். பீர் அண்ணனுக்கு இதற்குள் அது வந்திருக்கும். லீவு கேட்க ஆபீஸ் வாசலுக்குப் போனால் இந்த முறை தடுக்காதீர்கள்.

பிறகு கவரை வாங்கிப் பிரித்தேன். இரண்டாவது நாவல் அச்சுக்குப் போய்விட்டது. என்னைக் கேட்காமலே போய்விட்டது. முதல் பாரம், அதாவது முதல் பதினாறு பக்கம், அச்சில் ஓடிவிட்டதாம். ஒன்றும் மாற்றச் சொல்லவில்லை. "முதல் நாவலைப் பற்றி இப்போது நாங்களும் உங்கள் அபிப்பிராயத்துக்கு வந்துவிட்டோம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துச் சத்தமாகச் சிரித்தேன்.

கமர் அக்கா அங்கிருந்தவர்களிடமெல்லாம், "ஆடு என்னுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடை முன்பக்கம் போனேன். தொண்டூரிலிருந்து கல்யாணத்துக்கு இரட்டை மெத்தை வாங்க ஒருவர் வந்திருந்தார். அத்தா உட்கார்ந்து மெத்தையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். பல்லுக்கு நடுவில் இன்னொரு கோணி ஊசி. நான் சொன்னேன். தலையை ஆட்டினார். குனிந்து தைத்துக்கொண்டே போனார். தையல் நேராகப் போகவில்லை என்பதை நான் பார்த்தேன்.

தொண்டூர்க்காரர் விஷயம் புரியாமல், "பாய், வெலையக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அத்தா ஊசியை வாயிலிருந்து எடுத்தார்.

"பழைய வெலையெல்லாம் காலைலயே முடிஞ்சுபோச்சுங்க. இது இப்போ எழுத்தாளர் வூட்டு மெத்தை. கொறைக்கிறதுக்கு இல்ல."

வஸ்ஸலாம்.
ஜாஹிதா